காரின் மேனியில் சிலந்தி வலை

சென்ற மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தில்லியின் குளிர் சற்றே தளர்ந்து, காலை வெயில் உடலுக்கு இதமாக இருக்கும் பருவம். செய்தித்தாளும் கையுமாக மாடி முகப்பில் அமர்ந்திருந்தேன். கீழே வண்டிகள் நிறுத்துமிடத்திலிருந்து உரத்த பேச்சு எழுந்தது. எட்டிப் பார்த்தேன். எதிர் வீட்டு அன்பர், திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவர், சென்ற தீபாவளிக்கு வாங்கிய தமது புதிய கறுப்புக் காரின் அருகில் நின்றுகொண்டு, நாள்தோறும் விடியற்காலையில் வந்து வண்டிகளைத் துடைத்துவிட்டுப் போகும் பையனைக் கடிந்துகொண்டிருந்தார். பையன் வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தலை குனிந்து நின்றான்.

என்னைக் கண்டதும், “அண்ணாச்சி, சற்று இறங்கி வாருங்கள். நீங்களே பார்த்து ஒரு நியாயம் சொல்லுங்கள்” என்றார் அன்பர். பழைய கார்களோடு பல்லாண்டு மல்லுக்கட்டியவன் என்ற ஒரே தகுதியினால் இத்தகைய வழக்குகள் அவ்வப்போது என்னிடம் வருவதுண்டு. இறங்கிச் சென்றேன்.

கதிரவன் பானெட்டின் மேல் கண்ணாடியில் தெரிவது போல் தெரிந்தான். அவனைச் சுற்றிலும் வெண்ணிற நூல்களாலான வட்டங்கள். ஒன்றனுள் ஒன்றாக, சிலந்தி வலை பின்னியது போல. நிழலில் நின்று பார்த்தால் ஒன்றும் இல்லை. வெயிலில் வந்தால் வலை தெளிவாகத் தெரிகிறது. “பாத்திரம் துலக்கும் கம்பி நாரைக் கொண்டு வட்டம் வட்டமாகத் தேய்த்திருக்கிறான். இந்த மாதச் சம்பளம் கிடையாது, அடுத்த மாதம் வேறு ஆள்” என்பது அன்பரின் தீர்ப்பு. கம்பி நாரைத் தான் கண்ணாலும் பார்த்ததில்லை என்று பையன் இந்தியில் திரும்பத் திரும்பச் சொன்னான்.

இருவரும் பொய் சொல்லவில்லை என்பது சற்று நேரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அதை அன்பருக்கு விளக்க, காரின் தகட்டின்மேல் என்னென்ன பூசப்பட்டிருக்கின்றன என்பதிலிருந்து தொடங்கவேண்டியிருந்தது. தலைநகரிலும் பிற வடபுல நகரங்களிலும் கார் வைத்திருக்கும் நம்மவர் பலருக்கும் இச்செய்தி பயன்படக்கூடும் என்பதால் இங்கு எழுதுகிறேன்.

இக்காலத்துக் காரின் நிறம் ஒரே பூச்சு அன்று. எஃகுத் தகட்டைத் துருவினின்றும் காக்க, மின்சார முறையில் படியவைத்த அடிப்பூச்சு ஒன்று, அதன்மேல் மேடுபள்ளங்களைச் சமன் செய்யும் இரண்டாம் பூச்சு, அதன்மேல் நிறப்பூச்சு, எல்லாவற்றுக்கும் மேலாக, நிறமே இல்லாத, கண்ணாடி போன்ற தெளிபூச்சு. ‘கிளியர் கோட்’ என்று பட்டறைக்காரர்கள் சொல்வது இதைத்தான். நிறத்துக்கு ஆழமும் பளபளப்பும் தருவதும், வெயிலின் புற ஊதாக் கதிர்கள் நிறத்தை வெளுக்காமல் தடுப்பதும் இதன் வேலை.

இவை எல்லாம் சேர்ந்து எவ்வளவு பருமன் இருக்கும்? நாம் கடிதம் எழுதும் தாள் ஒன்றின் பருமன் ஏறத்தாழ 100 மைக்ரான். அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. தொழிற்சாலையிலிருந்து வரும் காரின் பூச்சுகள் அனைத்தும் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 140 மைக்ரான்தான். அதில் தெளிபூச்சின் பங்கு 40, 50 மைக்ரான் அளவே. பல லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கிய வண்டியின் அழகு முழுவதும் அரைத்தாள் கனத்தில் அடங்கியிருக்கிறது என்றதும் அன்பர் தம்மையறியாமல் பானெட்டின் மேலிருந்த கையை எடுத்துவிட்டார்.

பழைய வண்டிகளுக்கு இந்தத் தெளிபூச்சு கிடையாது. உத்தரபாராவில் 1950-களின் பிற்பகுதி முதல் 2014 வரை உற்பத்தியான அம்பாசடர் காரை நம்முள் மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அந்நாளைய வண்டிகளில் நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சில் இருந்தன. நீல வண்டிக்கு மெருகேற்றினால் துணியும் நீலமாகும். மேற்பரப்பு வெளுத்துப் போனால் தேய்த்து எடுத்துவிட்டு, அடியிலுள்ள புது நிறத்தை வெளிக்கொணரலாம். அலுமினியத் துகள் கலந்த மின்னும் நிறங்கள் பரவியபின் அம்முறை போதவில்லை. துகள்கள் காற்றும் மழையும் பட்டு மங்கின. அவற்றை மூடிக் காக்க மேலே ஒரு தெளிபூச்சு தேவைப்பட்டது. 1980-களில் இம்முறை உலகெங்கும் பரவியது. நம் வண்டி எவ்வகை என்று ஐயமிருந்தால், கதவின் உட்புற ஓரம் போன்ற மறைவிடத்தில் வெள்ளைத் துணியில் சிறிது பாலிஷ் தொட்டுத் தேய்த்துப் பார்க்கலாம். துணியில் வண்டியின் நிறம் ஏறினால் ஒற்றைப் பூச்சு. ஏறாவிட்டால் தெளிபூச்சு உண்டு.

இனி அந்த வட்டங்களுக்கு வருவோம். அவை உண்மையில் வட்டங்களே அல்ல. பானெட்டின் மேல் எல்லாத் திசைகளிலும் ஆயிரக்கணக்கான நுண்கீறல்கள் ஓடுகின்றன. அவற்றுள் கதிரவனின் ஒளிக்குக் குறுக்காகக் கிடப்பவை மட்டுமே ஒளியை நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகின்றன. ஒளியைச் சுற்றி எத்திசையிலும் அத்தகைய கீறல்கள் இருப்பதால், அவை சேர்ந்து வட்டமாகத் தோன்றுகின்றன. நாம் நகர்ந்தால் வட்டமும் உடன் நகரும். பழைய எவர்சில்வர் தட்டை வெயிலில் பிடித்தாலும் இதே காட்சிதான். அன்பர் இரண்டடி இடப்புறம் நகர்ந்து பார்த்தார். வலையும் இரண்டடி நகர்ந்தது. கம்பி நார் என்ற குற்றச்சாட்டு அந்த இடத்திலேயே விழுந்துவிட்டது. கம்பி நார் பட்டிருந்தால் நகத்துக்குத் தட்டுப்படும் கோடுகள் விழுந்திருக்கும்.

அப்படியானால் கீறியது எது? தில்லியின் புழுதி. நம் ஊரில் செம்மண் படிவதைக் கண்டவர்கள் இங்குள்ள புழுதியையும் அதுபோல் எண்ணிவிடுகிறார்கள். கோடையில் மேற்கே பாலைப் பக்கமிருந்து வீசும் ‘ஆந்தி’ என்னும் புழுதிக் காற்றும், ஆண்டு முழுவதும் ஓயாத கட்டட வேலைகளும் இங்கே வண்டிகளின்மேல் தூவுவதில் பெரும்பகுதி மணல் துகள். மணல் என்பது குவார்ட்சு. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் அதற்கு 7-ஆம் இடம். சாதாரண இரும்பையே கீறவல்லது. அதன் முன் பிசின் வகையைச் சேர்ந்த நம் தெளிபூச்சு எம்மாத்திரம்? புழுதி வண்டியின்மேல் சும்மா கிடக்கும்வரை ஒரு தீங்கும் இல்லை. அதன்மேல் உலர்ந்த துணியை வைத்து இழுக்கும் கணத்தில் துணி உப்புத்தாளாகிவிடுகிறது.

பையனிடம் அவனுடைய துணியை வாங்கிப் பார்த்தேன். அன்பரின் வீட்டிலிருந்தே கொடுத்த பழைய பனியன். “ஒரு நாளைக்கு எத்தனை வண்டி?” என்று கேட்டேன். பதினெட்டு என்றான். “எத்தனை வாளித் தண்ணீர்?” அவன் அன்பரைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். “இரண்டு வாளிதான் எடுக்கலாம் என்று குடியிருப்புச் சங்கத்தில் சொல்லியிருக்கிறார்கள், அங்கிள்” என்றான். அத்தீர்மானத்தில் கையெழுத்திட்டவர்களுள் அன்பரும் ஒருவர், நானும் ஒருவன். கோடையில் தண்ணீர் லாரியின் பின்னால் குடத்தோடு நிற்கும் ஊரில் அந்தத் தீர்மானத்தைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் பதினெட்டு வண்டிகளின் மணலும் அந்த இரண்டு வாளியிலேயே கரைந்து, அதே பனியனில் ஏறி, பத்தொன்பதாம் முறை பானெட்டின்மேல் ஓடினால் வேறென்ன ஆகும்?

அன்பர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “சரி அண்ணாச்சி, இதைப் போக்க வழியுண்டா?” என்றார்.

வழி உண்டு. ஆனால் போக்குவது என்றால் என்ன என்பதை முதலில் அறிந்துகொள்ளவேண்டும். என் பாட்டியார் காலத்துப் பித்தளைச் சொம்பு ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. அதன் கழுத்தில் அவருடைய பெயரை ஊசி முனையால் புள்ளி புள்ளியாகப் பொறித்திருந்தார்கள். மூன்று தலைமுறைகள் புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கியதில் இன்று பெயரின் முதலெழுத்து மட்டும் விரலுக்குத் தட்டுப்படுகிறது. துலக்கும்போதெல்லாம் அழுக்கோடு பித்தளையும் சிறிது சிறிதாகப் போனது. தெளிபூச்சின் கீறலைப் போக்குவதும் அதே வேலைதான். கீறல் ஒரு பள்ளம். பள்ளத்தை நிரப்ப எதுவும் இல்லை. சுற்றியுள்ள மேட்டைப் பள்ளத்தின் அடிவரை தேய்த்துத் தாழ்த்திவிட்டால் பள்ளம் மறைகிறது. ஒவ்வொரு முறையும் 40, 50 மைக்ரானில் சில மைக்ரான் செலவாகிறது. அது திரும்ப வளர்வதில்லை.

இதை நான் நூலில் படித்து மட்டும் அறியவில்லை. 2013-ஆம் ஆண்டில் என்னுடைய வெள்ளிநிறக் காருக்கு நானே மெருகேற்றுவதென்று துணிந்து, ஒரு கடையில் சுழலும் பாலிஷ் மெஷினை வாடகைக்கு எடுத்துவந்தேன். முதல் ஒரு மணி நேரம் உலகமே என் கையில் பளபளத்தது. ஆர்வ மிகுதியால் பானெட்டின் மடிப்பு விளிம்பில் மெஷினைச் சற்று அழுத்திப் பிடித்துவிட்டேன். மடிப்புகளிலும் விளிம்புகளிலும் பூச்சு இயல்பிலேயே மெல்லியது. மெஷினின் அழுத்தமும் சூடும் அந்த ஒரே கோட்டில் குவிகின்றன. மூன்று விரற்கடை நீளத்துக்குத் தெளிபூச்சு முற்றும் போய், சாம்பல் பூத்தாற்போல் ஒரு மங்கல் தோன்றிவிட்டது. பஞ்சுத் தட்டைத் திருப்பிப் பார்த்தேன், வெள்ளிநிறம் ஒட்டியிருந்தது. பிறகு பானெட் முழுவதற்கும் புதுப்பூச்சுப் பூச நேர்ந்தது. மின்னும் வெள்ளிநிறத்தைப் பழைய நிறத்தோடு பொருத்துவது எளிதன்று. அந்த வண்டியை விற்கும் நாள்வரை பானெட் ஒரு சாயலிலும் மட்கார்டுகள் வேறு சாயலிலும் இருந்தன. வீட்டில் அதைப் பற்றி இன்றும் பேச்சு வருவதுண்டு.

ஆதலின் முதல் வேலை தேய்ப்பது அன்று, கீறலின் ஆழத்தை அறிவது. கீறலின் குறுக்கே விரல் நகத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள். நகம் வழுக்கிச் சென்றால் பெரும்பாலும் தெளிபூச்சின் மேற்பகுதியோடு நின்ற கீறல். நகம் தடுக்கி நின்றால் ஆழமானது. கையால் மெருகிட்டு முழுதும் போக்க முயல்வது என்னைப் போல் விளிம்பைத் தீய்ப்பதில் முடியும். இன்னொரு சோதனை, கீறலின்மேல் ஒரு சொட்டு நீர் விடுவது. நீர் பள்ளத்தை நிரப்பியதும், சிதறிய ஒளி சிதறாமல் உட்செல்கிறது. ஈரமாக இருக்கும்போது கீறல் மறைந்து, உலர்ந்தபின் மீண்டும் தெரிந்தால், அது தெளிபூச்சுக்குள் நின்ற கீறல். ஈரத்திலும் வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ தெரிந்தால் அடிப்பூச்சு வரை சென்றுவிட்டது என்று பொருள். இரும்பின் நிறமே தெரிந்தால் துரு பிடிப்பதற்குள் பட்டறைக்குக் கொண்டுசெல்வதே முறை.

அன்பரின் வண்டியில் நகம் எங்கும் தடுக்கவில்லை. ஓட்டுநர் பக்கத்துக் கதவில் ஓரிடத்தில் மட்டும் சாவி உரசிய கோடு ஒன்று இலேசாகத் தடுக்கியது. அது பையன் வைத்ததன்று. அன்பர் வீட்டார் ஒருவரின் வளையலோ சாவியோ வைத்தது என்பதை அன்பரே ஒப்புக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பானெட்டின் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டோம். வண்டியை நிழலில் நிறுத்தி, உள்ளங்கையை வைத்தால் சில்லென்று இருக்கும்வரை காத்திருந்தோம். சூடான தகட்டில் பாலிஷ் உடனே காய்ந்து ஒட்டிக்கொள்ளும். முதலில் நீரைத் தாராளமாக ஊற்றித் தளர்ந்த மணலை ஓடவிட்டோம். பின்னர் இரண்டு வாளிகள்: ஒன்றில் கார் ஷாம்பு கலந்த நீர், மற்றதில் வெறும் நீர். துணியை ஷாம்பு நீரில் தோய்த்து ஒரு முறை துடைத்ததும் வெறும் நீரில் அலசிய பிறகே மீண்டும் ஷாம்பு வாளிக்குச் செல்லவேண்டும். மணல் இரண்டாம் வாளியின் அடியில் தங்கிவிடும். மேலிருந்து கீழாகவே கழுவவேண்டும். சக்கரத்தருகே உள்ள பகுதிகள் கடைசி. பாத்திரம் துலக்கும் சோப்பு வேண்டா. முன்பு பூசிய மெழுகையும் அது கழுவிவிடும். துவட்டும்போது தேய்க்காமல், மைக்ரோஃபைபர் துண்டை விரித்து ஒற்றி எடுக்கவேண்டும்.

கழுவிய பின்னும் பரப்பு முழுச் சுத்தமாவதில்லை. மெல்லிய பாலிதீன் பைக்குள் கையை விட்டு, அதன் வழியாகப் பரப்பைத் தடவிப் பாருங்கள். வெறும் விரலுக்குத் தெரியாத சொரசொரப்பு பையின் வழியாக நன்கு தெரியும். ரயில் பாதைக்கருகே நிற்கும் வண்டிகளில் இரும்புத் துகள், மரத்தடியில் நிற்பவற்றில் பிசின், பணி நடக்கும் தெருவில் தார். இவற்றைப் போக்க ‘கிளே’ என்னும் களிமண் போன்ற பொருள் கிடைக்கிறது. சோப்பு நீர் தெளித்து வழுவழுப்பாக்கிக்கொண்டு அதை மெல்ல ஓட்டினால் துகள்கள் அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். கீழே விழுந்த கிளேயை மறுபடி தொடாதீர்கள். துணியும் அப்படியே. தரையில் விழுந்த துணியைத் தட்டிவிட்டுத் திரும்பப் பயன்படுத்துவது நம் வழக்கம். இங்கே அச்சிக்கனம் கூடாது.

மடிப்புகளிலும் ரப்பர் ஓரங்களிலும் காகித டேப் ஒட்டினோம். அதன்பின் ஒரு முழச் சதுரத்தைச் சோதனைக்கென்று குறித்துக்கொண்டோம். கடைகளில் ‘காம்பவுண்டு’ என்றும் ‘பாலிஷ்’ என்றும் இருவகை விற்கின்றன. இரண்டிலும் அலுமினியம் ஆக்ஸைடு போன்ற மிக நுண்ணிய அரம் கலந்திருக்கிறது. முன்னது முரடு, பின்னது மென்மை. மென்மையானதிலிருந்தே தொடங்கவேண்டும். அதனால் ஆகாவிட்டால் மட்டுமே முரடுக்குச் செல்லவேண்டும். முரட்டிலே தொடங்கியவர் அது விட்ட மங்கலைப் போக்க மறுபடி மென்மையானதை இட்டே தீரவேண்டும். பூச்சுக்கு இரட்டைச் செலவு. எங்கள் பட்டறைக்கார நண்பர் ஒருவர், பொறுமையில்லாதவனுக்குக் காம்பவுண்டு விற்கமாட்டேன் என்பார்.

ஸ்பாஞ்சுத் தட்டில் பட்டாணி அளவில் மூன்று நான்கு துளி பாலிஷ் இட்டு, அளவான அழுத்தத்துடன், ஒரு வரிசையின்மேல் அடுத்த வரிசை பாதி படியுமாறு நெடுக்கிலும் குறுக்கிலும் இரண்டு மூன்று நிமிடம் தேய்த்தோம். பிறகு சுத்தமான துண்டால் துடைத்தோம். வலை மறைந்துவிட்டது! அன்பர் மகிழ்ந்தார். நான் மகிழவில்லை. பாலிஷில் உள்ள எண்ணெய் பள்ளங்களை நிரப்பி மறைத்திருக்கலாம். ஒரு பங்கு ஐசோபிரோபைல் ஆல்கஹாலுக்கு மூன்று பங்கு நீர் கலந்து தெளித்துத் துடைத்தால் எண்ணெய் போய் உண்மை தெரியும். நெருப்பருகில் வைக்கக்கூடாத பொருள் அது. துடைத்துவிட்டுக் கைவிளக்கை அடித்துப் பார்த்தபோது, வலையில் பாதிக்கு மேல் உண்மையாகவே போயிருந்தது, மீதி இருந்தது. இன்னொரு முறை மென்மையான பாலிஷ், அவ்வளவே. பத்தில் எட்டுப் பங்கு போனதும் நிறுத்தச் சொன்னேன்.

“இன்னும் நான்கைந்து கோடு தெரிகிறதே!” என்றார் அன்பர்.

“இருக்கட்டும். அவை மற்றவற்றைவிட ஆழமானவை. அந்த நான்கைந்துக்காகப் பானெட் முழுவதையும் தாழ்த்தவேண்டுமா?” என்றேன். அரை மனத்தோடு சரி என்றார்.

கையால் தேய்ப்பதற்கு உடல் வலிமை வேண்டும். எங்களுக்கு மறுநாள் தோள்பட்டை சொன்னது. மெஷின்தான் வேண்டுமெனில், சுழன்றுகொண்டே இங்குமங்கும் அசையும் இருவித ஓட்டமுள்ள வகை புதியவர்களுக்கு ஓரளவு பாதுகாப்பானது. நான் வாடகைக்கு எடுத்ததோ ஒரே அச்சில் சுழலும் வகை. தேர்ந்த கைக்கு உரியது. பிளாஸ்டிக் பம்பரில் இன்னும் கவனம் வேண்டும். தகடு போல் அது சூட்டைப் பரப்பாது, ஓரிடத்திலேயே தேக்கிவிடும். பளபளப்பில்லாத மங்கல் பூச்சு வண்டிகளுக்கோ எந்தப் பாலிஷும் ஆகாது. தேய்த்த இடம் மட்டும் மின்னி அசிங்கமாகிவிடும்.

பல் தேய்க்கும் பசையைப் பற்றி எவரேனும் கேட்காமல் இருப்பதில்லை. அதிலும் நுண்ணிய அரம் உண்டு என்பது மெய். ஒரு சிறு கீறல் மங்குவதும் உண்டு. ஆனால் அது பல்லுக்கென்று செய்தது; பூச்சின்மேல் மங்கலான திட்டு விட்டுச்செல்லும். தேங்காய் எண்ணெய் தடவுவது நம்மவரின் தனி வழக்கம் போலும். அது சொட்டு நீர் செய்த வேலையையே ஒரு நாள் நீட்டிச் செய்கிறது. பிறகு தில்லிப் புழுதி முழுவதையும் அழைத்துத் தன்மேல் அமரவைத்துக்கொள்கிறது. மண்ணெண்ணெய் தொட்ட துணியைப் பற்றியும் இதையே சொல்லலாம்.

மெருகிட்ட பின் மெழுகு பூசவேண்டும். பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் ஓலையிலிருந்து எடுக்கும் கார்னோபா மெழுகு பேர்போனது. செயற்கைப் பூச்சுகள் அதைவிட நாள்பட நிற்கும். மெல்லியதாகப் பூசி, மங்கியதும் துடைத்துவிட்டால் நீர் முத்து முத்தாக உருண்டோடும். மெழுகு கீறலைப் போக்காது; சற்று மறைக்கும், புழுதி எளிதில் கழுவப்பட உதவும். ‘செராமிக்’ பூச்சு விற்பவர்கள் 9H கடினம் என்று பெரிய எழுத்தில் போடுகிறார்கள். அது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் அளவு. மோஸ் அளவுகோலின் 9 அன்று. அதைக் கேட்டுவிட்டுக் குவார்ட்சு மணலோடு மோத விடாதீர்கள்.

அன்றைக்கே பையனின் முழுச் சம்பளத்தையும் அன்பர் கொடுத்துவிட்டார். நிறுத்தி வைத்த தொகைக்கு மேலே ஒன்றும் கொடுக்கவில்லை. மன்னிப்பு என்று வாய்விட்டுச் சொல்லவும் இல்லை. ஆனால் செடிகளுக்கு மருந்து தெளிக்கும் கைப்பம்பு ஒன்றும், நான்கு மைக்ரோஃபைபர் துண்டுகளும் வாங்கித் தந்தார். பம்பில் இரண்டு லிட்டர் நீர் பிடிக்கும். தெளித்து ஊறவைத்து, மடித்த துண்டின் ஒவ்வொரு மடிப்பையும் ஒரே ஒரு முறை மட்டும் பயன்படுத்தி நேர்கோடாகத் துடைத்தால், ஒரு வண்டிக்கு அதற்கு மேல் வேண்டியதில்லை. துண்டுகளைத் தனியே துவைத்து, துணி மென்மையாக்கும் திரவத்தில் போடாமல் உலர்த்தவேண்டும் என்றும் பையனுக்குச் சொன்னோம். நாள்தோறும் துடைக்கவேண்டா, வாரத்துக்கு இரண்டு நாள் போதும் என்றதும் அவன் முகத்தில் கவலை படர்ந்தது. சம்பளம் குறையாது என்று உறுதி சொன்ன பிறகே சிரித்தான். குடியிருப்புச் சங்கத்தில் மற்றப் பதினேழு வண்டிக்காரர்களையும் இதற்கு இணங்கவைக்க இன்னும் முயன்று வருகிறேன், ஐவர் இணங்கியிருக்கிறார்கள். மற்றவர்களுக்கு, காலையில் வண்டி புழுதியோடு நின்றால் பக்கத்து வீட்டார் என்ன நினைப்பார்கள் என்ற கவலை.

வைகாசி இறுதியில் ஒரு மாலை பெரிய ஆந்தி அடித்து ஓய்ந்தது. மறுநாள் காலை வண்டிகள் எல்லாம் ஒரே மண்ணிறமாகக் கிடந்தன. அன்பரின் வண்டியைப் பையன் தொடவில்லை. பம்பை எடுத்துவர மாலையில் வருவதாகச் சொல்லிப் போயிருந்தான். பள்ளி விடுமுறையில் இருந்த அன்பரின் மகள், ஞாயிறுதோறும் தமிழ் வகுப்புக்கு வரும் ஆறு வயதுக் குழந்தை, நாங்கள் மெருகிட்ட அந்தப் பாதிப் பானெட்டின்மேல், படிந்திருந்த புழுதியில், ஆள்காட்டி விரலால் ‘அ’ என்று பெரிதாக எழுதிவிட்டாள். சுழி, வளைவு, கோடு எல்லாம் வகுப்பில் சொல்லித் தந்தபடியே.

மாலையில் கழுவிய பிறகு கறுப்புப் பரப்பின்மேல் ‘அ’ அப்படியே நின்றது. நகத்துக்குத் தடுக்கவில்லை. சொட்டு நீர் விட்டால் மறைகிறது. மென்மையான பாலிஷ் இரண்டு நிமிடம் போதும் என்று அன்பரிடம் சொன்னேன். வரும் ஞாயிறு பார்க்கலாம் என்றார். அதன்பின் எட்டு ஞாயிறுகள் கழிந்துவிட்டன. பாலிஷ் புட்டி அவர் அலமாரியில்தான் இருக்கிறது. முக்கால் பங்குக்கு மேல் மீதி.